1759-இன் ஐரோப்பாப் பயண விளையாட்டு: அச்சிட்டு, துணியில் ஒட்டி, ஆடும் முறை

1759-இல் ஜான் ஜெஃப்ரிஸ் லண்டனில் ஒரு விளையாட்டை வெளியிட்டார். கையெழுத்தும் கணக்கும் புவியியலும் கற்றுக்கொடுத்த வாத்தியார் அவர். ஐரோப்பாவின் வரைபடம், அதன் மேல் எண் போட்ட 77 ஊர்கள், இரு ஓரத்திலும் விதிகள். எண் வரிசையில் ஊர் ஊராகப் போய், கடைசி எண்ணான லண்டனை முதலில் அடைபவர் ஜெயித்தார். பெயரே 'ஐரோப்பாவினூடே ஒரு பயணம், அல்லது புவியியல் விளையாட்டு' என்பதுதான். பாரிஸில் பியேர் டுவால் என்ற புவியியலாளர் 1645-லேயே இந்த வகையில் ஒன்றைச் செய்திருந்தார்; அதில் 63 வட்டங்கள், கடைசி வட்டம் பிரான்ஸ். இரண்டுக்கும் தாய் இத்தாலியின் பழைய வாத்து விளையாட்டு; பகடை உருட்டி, எண் போட்ட கட்டங்களில் வரிசையாகக் காய் நகர்த்தும் ஆட்டம் அது. ஆனால் டுவாலின் பலகையில் நாடுகள் வட்டம் வட்டமாக வரிசையில் நிற்கின்றன. ஜெஃப்ரிஸ் காயை வரைபடத்தின் மேலேயே நடக்கவிட்டார். குழந்தைக்கு அதில்தான் பயன். அடுத்த ஊர் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், நடுவே கடலா நிலமா என்பதைக் காய் நகர்த்தும் விரலே கற்றுக்கொள்கிறது.

இதன் நகலை வீட்டிலோ பள்ளியிலோ செய்து ஆடலாம். அதற்கான முறை இது. அளவுகளை மாற்றினால் 1794-இல் லண்டனில் ஜான் வாலிஸ் வெளியிட்ட இங்கிலாந்து-வேல்ஸ் சுற்றுப்பயணம் (117 ஊர்கள்) போன்றவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

படம்

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் ஜெஃப்ரிஸ் விளையாட்டின் பிரதி இருக்கிறது. பழைய வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கும் டேவிட் ரம்சி தொகுப்பிலும் இதே வகை விளையாட்டுகள் கிடைக்கின்றன. மூலத்துக்குக் காப்புரிமை முடிந்து நெடுங்காலமாகிவிட்டது. ஆனால் அருங்காட்சியகம் எடுத்த புகைப்படத்துக்குத் தனி நிபந்தனை இருக்கலாம். வீட்டு உபயோகத்துக்கா, விற்பனைக்கா என்பதைப் பொறுத்து அது மாறும் என்பதால் தரவிறக்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

A2 அளவில் (594 × 420 மி.மீ.) அச்சிடுங்கள். 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 7016 × 4961 பிக்சல் வேண்டும். 200 டிபிஐ, அதாவது 4677 × 3307 வரை சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் ஊர்ப் பெயர்கள் கரைந்துபோகும். பெயரைப் படிக்க முடியாத வரைபடத்தில் இந்த விளையாட்டு வெறும் எண் ஓட்டமாகிவிடும். சோதனைக்காக ஒரு மூலையை மட்டும் A4-இல் உண்மை அளவில் அச்சிட்டுப் பாருங்கள். ஊர் எழுத்துகள் 2 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் ஓரத்து விதிப் பகுதிகளை வெட்டிவிட்டு, வரைபடத்தை மட்டும் தாள் நிறையப் பெரிதாக்குங்கள். விதிகளை எப்படியும் தமிழில் அட்டைகளாக எழுதத்தான் போகிறோம். அக்கால ஆங்கில அச்சில் சொல்லின் நடுவே வரும் எஸ், எஃப் மாதிரி நீண்டு தெரியும். குழந்தையை அதில் திணறவிட வேண்டாம்.

தாள்

120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம் எடை) தாள் போதும். அதைவிடத் தடித்தால், பிறகு வெட்டி ஒட்டப்போகும் பதினாறு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கட்டையாகிவிடும். லேசர் பிரிண்ட் எடுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை பசையின் ஈரம் பட்டதும் பரவும். பிக்மென்ட் மையாக இருந்தால் மட்டும் பரவாயில்லை. எது என்று தெரியாவிட்டால் அச்சிட்ட ஓரத்தை ஈர விரலால் தேய்த்தால் தெரிந்துவிடும். லேசர் அச்சு மடிக்கிற இடத்தில் உதிரும் என்று பொதுவாகப் பயப்படுவார்கள். இங்கே தாளை மடிப்பதே இல்லை. மடிவது துணி மட்டும்தான்.

லேமினேஷன் வேண்டாம். விளக்கொளி பட்டுக் கண் கூசும், மடிப்பில் பிளாஸ்டிக் வெடித்து அங்கிருந்து உரியும். பழையதாகத் தோன்றட்டும் என்று டீயில் நனைப்பதும் வேண்டாம். தாள் சுருங்கி அளவு தப்பும், அமிலம் ஏறிச் சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும்.

வண்ணம் தீட்ட ஆசையிருந்தால் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, வெட்டுவதற்கு முன்பே நீர்வண்ணம் தீட்டுங்கள். அக்காலத்தில் செப்புத்தகட்டில் அச்சிட்ட பிறகு கையால்தான் நிறம் கொடுத்தார்கள். நாடு முழுவதையும் நிரப்பாமல் எல்லைக் கோட்டை ஒட்டி 4-5 மி.மீ. பட்டையாக, கோட்டில் அழுத்தமாகவும் உள்ளே போகப் போக வெளுத்தும் தீட்டினால் ஊர்ப் பெயர்கள் மறையாது.

பதினாறு துண்டுகள்

இந்த வகைப் பலகைகளைத் தாளாக மடித்து வைக்க மாட்டார்கள். செவ்வகத் துண்டுகளாக வெட்டி, நடுவே இடைவெளி விட்டு, துணியின் மேல் ஒட்டுவார்கள். மடிப்பு துணியில் விழுவதால் தாள் கிழியாது. இருநூறு வருடத்துக்கு முந்தைய பலகைகள் இன்றும் விரிக்கும் நிலையில் இருப்பதற்கு இந்த ஒட்டுமுறையே முக்கியமான காரணம்.

A2-வை நான்குக்கு நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் சரியாக A6, 148.5 × 105 மி.மீ. வெட்டுவதற்கு முன் பின்பக்கம் பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போட்டு, மேல்பக்கம் எது என்று அம்புக்குறியும் இடுங்கள். கடல் மட்டுமே உள்ள துண்டுகள் இரண்டு மூன்று வரும். பசை தடவியபின் அவற்றில் தலை எது, கால் எது என்று பிடிபடாது. வெட்ட ஸ்டீல் ஸ்கேலும் புது பிளேடு போட்ட பேப்பர் கட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் அறுக்க முயலாமல் லேசாக மூன்று முறை இழுங்கள்.

இடைவெளியில்தான் பலர் சறுக்குகிறார்கள். எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருக்கக்கூடாது. முதல் மடிப்பில் ஒற்றை அடுக்குதான் மடிகிறது, 2 மி.மீ. போதும். இரண்டாவது மடிப்பில் ஏற்கெனவே நான்காக மடிந்த கட்டு மடிகிறது. அதற்கு 4 மி.மீ. தேவை. நீளவாக்கில் மூன்று இடைவெளி தலா 2, அகலவாக்கில் மூன்று இடைவெளி தலா 4 என்று வைத்தால் விரித்த பலகை 600 × 432 மி.மீ. வரும். எல்லாவற்றுக்கும் 2 மி.மீ. வைத்தால் கட்டு மூடாமல் வாய் பிளந்து நிற்கும். 6 மி.மீ. வைத்தால் பாதைக் கோடு துண்டு துண்டாகத் தெரிந்து அடுத்த ஊர் எது என்று கண் தடுமாறும்.

பசை

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை இதற்கு உதவாது. ஒட்டிய துண்டைச் சற்று நகர்த்திச் சரிசெய்வதற்குள் பிடித்துக்கொள்ளும், துணியும் விறைத்துப்போகும். கோதுமை மாவுச்சத்தில் காய்ச்சிய பசைதான் சரி. மைதாவை அப்படியே காய்ச்சினாலும் ஒட்டும். ஆனால் அதிலுள்ள குளூட்டன் (மாவின் பிசுபிசுப்பான புரதம்) நாளடைவில் பழுப்பேறும், ராமபாணப் பூச்சியையும் இழுக்கும். நம் ஊர் பைண்டிங் கடைகளில் பூச்சி அண்டாமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் போடுவது வழக்கம். குழந்தைகள் கையாளும் பொருளில் அதைச் சேர்க்கவே கூடாது; அது விஷம்.

200 கிராம் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் வைத்திருந்து, தண்ணீருக்குள் அமிழ்த்திக் கசக்குங்கள். வெள்ளையாகச் சத்து இறங்கி, கையில் ரப்பர் மாதிரி ஓர் உருண்டை மிஞ்சும். அந்த உருண்டைதான் குளூட்டன், எடுத்துவிடலாம். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. வெள்ளைத் தண்ணீரை வடிகட்டி ஃபிரிட்ஜில் ஓர் இரவு தெளியவையுங்கள். வெளியே வைத்தால் நம் வெயிலுக்குப் புளித்துவிடும். மறுநாள் மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் உள்ள படிவு ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் 20 நிமிடம் கிண்டுங்கள். முதலில் பால் நிறமாக இருக்கும். கெட்டிப்பட்டுக் கண்ணாடித் தன்மை வந்ததும் இறக்கலாம். ஆறியதும் சல்லடையில் தேய்த்து வடிகட்டி, தோசை மாவுப் பதம் வரும்வரை தண்ணீர் விடுங்கள். ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் ஊற்றிவிடுங்கள்.

ஒட்டுவது

மெல்லிய வெள்ளைக் காடாத் துணியோ மல் துணியோ 70 × 54 செ.மீ. வேண்டும். கஞ்சி போகும்படி ஒருமுறை வெந்நீரில் அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வந்தபடியே பயன்படுத்தினால் பசை பட்டதும் சுருங்கி, ஒட்டிய துண்டுகளையும் சேர்த்து இழுக்கும்.

ஒரு பெரிய பிளைவுட் பலகையில் வெள்ளைத் தாளை விரித்து, பதினாறு கட்டங்களையும் இடைவெளிகளோடு அழுத்தமாக வரையுங்கள். அதன் மேல் பாலிதீன் ஷீட். அதன் மேல் ஈரத் துணியை இழுத்து, நான்கு பக்கமும் நடுவிலிருந்து மூலையை நோக்கி 5 செ.மீ.க்கு ஒரு பின் குத்துங்கள். ஈரத் துணிக்கு அடியில் கோடுகள் தெளிவாகத் தெரியும். துணி முழுவதும் பசை தடவி, இழைகளுக்குள் இறங்கும்படி தூரிகையால் அழுத்துங்கள்.

இனி துண்டுகள். ஒரு துண்டின் பின்பக்கம் பசை தடவி, மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். ஈரம் இழுத்ததும் தாள் ஒரு பக்கமாக விரியும். A6 துண்டில் இது ஒன்றிரண்டு மி.மீ. கூட வரலாம். விரிந்து முடிந்த பின்தான் துணியில் வைக்க வேண்டும். தடவிய உடனே வைத்தால் துணியின் மேல் விரிந்து குமிழ் எழும். ஒன்றுக்கு ஒரு நிமிடம், இன்னொன்றுக்கு ஐந்து நிமிடம் என்று விட்டால் துண்டுகளின் அளவே வேறுபட்டு இடைவெளி கோணலாகும். ஒரு வரிசைக்கு நான்காக, எல்லாவற்றுக்கும் ஒரே நேரக் கணக்கு வைத்து வேலை செய்யுங்கள். நடு நான்கு துண்டுகளில் தொடங்கி வெளியே போனால் பிழை ஒரு மூலையில் சேராது. விரிந்த தாள் காயும்போது பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பும் என்பதால், ஈரத்தில் 2 மி.மீ. இடைவெளி சற்று நெருங்கித் தெரிந்தாலும் கவலை வேண்டாம்.

வைத்த துண்டின் மேல் ஒரு வெற்றுத்தாளை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். பிதுங்கி வரும் பசையை ஈரப் பஞ்சால் இடைவெளியிலிருந்து துடைத்துவிடுங்கள். அங்கே பசை காய்ந்தால் துணி மடியாமல் முறியும்.

நிழலில் ஒரு முழு நாள் காயட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் ஓரங்கள் முதலில் காய்ந்து தூக்கிக்கொள்ளும். பின்களை முன்கூட்டியே எடுத்தாலும் பலகை பாளையாகச் சுருளும். முழுக்கக் காய்ந்ததும் துணியின் ஓரத்தைத் தாளோடு சேர்த்து வெட்டுங்கள். ஓரத்தில் பசை ஏறியிருப்பதால் நூல் பிரியாது. நீளவாக்கில் விசிறி மடிப்பு, பிறகு அகலவாக்கில் விசிறி மடிப்பு. இரண்டு நாள் கனமான புத்தகங்களின் கீழ் வைத்த பிறகு கட்டின் தடிமனை அளந்து, நீள அகலத்தில் 4 மி.மீ., தடிமனில் 2 மி.மீ. கூட்டி 1.5 மி.மீ. அட்டையில் உறை செய்துகொள்ளலாம். கணக்குப் போட்டு முன்பே உறை செய்தால் பெரும்பாலும் இறுக்கமாகிவிடும்.

டீடோட்டம்

பகடையைச் சூதாட்டத்தின் அடையாளமாகப் பார்த்த வீடுகளில் அதைக் குழந்தை கையில் கொடுக்கத் தயங்கினார்கள். அதனால் எண் எழுதிய சிறு பம்பரம் வந்தது. டீடோட்டம் என்பது அதுதான். எட்டு முகம் உள்ளதைச் செய்யலாம்.

40 மி.மீ. சதுரம் வரைந்து, ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கமும் 11.7 மி.மீ. குறித்து, மூலைகளை வெட்டிவிட்டால் சம எண்கோணம் வந்துவிடும். அட்டை 1.5 மி.மீ. தடிமன் இருக்கட்டும். எதிர்முனைகளைக் கோடுகளால் இணைத்தால் எட்டு முக்கோணங்கள், அவற்றில் 1 முதல் 8 வரை. நடுவில் 3 மி.மீ. மூங்கில் குச்சியைக் குத்தி, கீழே 8 மி.மீ. நீட்டவிட்டு முனையைச் சீவுங்கள். குச்சி அரை மி.மீ. விலகினாலும் ஒரே எண் திரும்பத் திரும்ப விழும். 80 முறை சுற்றிக் குறித்துப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் சராசரியாகப் பத்து முறை வர வேண்டும். ஏதாவது ஓர் எண் 18-ஐத் தொட்டாலோ 3-க்கு இறங்கினாலோ குச்சியைப் பிடுங்கி நடுவைச் சரிபாருங்கள். சாய்ந்து நின்றதும் தரையைத் தொடும் பக்கத்து எண்ணைத்தான் எடுப்பது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஆடும் விதம்

சுற்றினால் சராசரி 4.5. தடை ஏதும் இல்லாமல் 77-ஐ எட்ட ஏறக்குறைய 17 சுற்று ஆகும். லண்டனில் சரியாக இறங்க வேண்டும். எண் மிஞ்சினால் மிஞ்சிய அளவு பின்னால் வர வேண்டும்.

அரசர் வாழும் ஊரில் இறங்கினால், சுற்றிய எண்ணை இன்னொரு முறை எண்ணிக்கொள்ளலாம். 28-ஆம் எண் ஹனோவரில் இறங்கியவர் 54-ஆம் எண் ஜிப்ரால்டருக்குப் போவார். அப்போதைய பிரிட்டிஷ் அரசர் இரண்டாம் ஜார்ஜே ஹனோவரின் அதிபதி. ஜிப்ரால்டரில் இருந்தது அவருடைய காவல்படை. ஒரே தாவலில் 26 எண் லாபம். 48-ஆம் எண் ரோமில் இறங்கியவருக்குத் தண்டனை. போப்பின் காலை முத்தமிட்ட குற்றத்துக்காக 4-ஆம் எண்ணான ஐஸ்லாந்துக்கு நாடு கடத்தல், மூன்று முறை ஆட்டம் இழப்பு. புராட்டஸ்டன்ட் இங்கிலாந்து கத்தோலிக்க ரோமை எப்படிப் பார்த்தது என்பது இந்த ஒரு விதியிலேயே இருக்கிறது. விளக்காமல் குழந்தையிடம் கொடுத்தால் அந்த வெறுப்பு மட்டும் போய்ச் சேரும். எனவே விதி அட்டையில் 1759 என்ற ஆண்டையும், எந்த நாட்டுக்காரர் எழுதியது என்பதையும் குறித்து வையுங்கள்.

கணக்காகப் பார்த்தாலும் ரோம் விதி கடுமை. 44 எண் பின்னால் போவது பத்துச் சுற்றுக்குச் சமம், அதோடு மூன்று சுற்று சும்மா இருக்க வேண்டும். 48-ஐக் கடக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் விழ நாலைந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. நால்வர் ஆடினால் யாராவது ஒருவர் மாட்டுவதற்கே வாய்ப்பு அதிகம். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மூன்று ஆட்டத்தை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாட்டிய குழந்தை எழுந்து போய்விடும். வாலிஸின் விளையாட்டில் இதைவிட மோசம். மான் தீவில் கப்பல் உடைந்து அந்த ஆளுக்கு ஜெயிக்கும் வாய்ப்பே போய்விடும். அங்கேயும் இரண்டு சுற்று இழப்பு என்று மாற்றிக்கொண்டால் கடைசிவரை எல்லோரும் ஆட்டத்தில் இருப்பார்கள்.

காயை வைத்ததும் நகர்ந்துவிடாமல் மூன்று விஷயங்களைச் சத்தமாகச் சொல்லவையுங்கள்: ஊரின் பெயர், வந்த திசை, அந்த ஊர் இன்று எந்த நாட்டில் இருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புது அட்லஸ் வேண்டும். 1759-இல் இத்தாலி என்ற ஒரே நாடு கிடையாது, அது 1861-இல்தான் உருவானது. ஜெர்மனி 1871-இல். போலந்து இந்த வரைபடத்தில் பெரிய நாடு. 1795-இல் அக்கம்பக்கத்துப் பேரரசுகள் அதை முழுதாகப் பங்குபோட்டுக்கொண்டன, 1918-இல்தான் மீண்டு வந்தது. ஐஸ்லாந்து அப்போது டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது, 1944-இல் குடியரசானது. அட்லஸ் இல்லாமல் ஆடினால் குழந்தை 1759-இன் எல்லைகளை இன்றைய எல்லைகளாக மனதில் பதித்துக்கொள்ளும். புது வரைபடத்தை டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் எடுத்து மேலே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். பொருந்தாது. அக்காலத்தில் தீர்க்கரேகையைத் துல்லியமாக அளப்பது கடினம் என்பதால் கிழக்கு மேற்குத் தூரங்கள் ஆங்காங்கே பிசகியிருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

அசல் பிரதி கையில் கிடைத்தால்

அதில் ஆடாதீர்கள். முதலில் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிற்கால அச்சு. செப்புத்தகட்டு அச்சில் கோடுகள் முழுமையாக, மை சற்றே மேடாக இருக்கும். துணி ஒட்டாத தாளானால் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 1759-இன் தாளில் ஏறக்குறைய 25 மி.மீ. இடைவெளியில் கம்பிக் கோடுகள் எதிர்பார்க்கலாம். பச்சை தீட்டிய இடம் பழுப்பாகிப் பின்பக்கம்வரை ஊறியிருந்தால் அது தாமிரப் பச்சை தாளைத் தின்றதன் அறிகுறி. அந்த இடத்தில் மடித்தால் உடையும். செல்லோடேப் போடாதீர்கள், ஈரத் துணியால் துடைக்காதீர்கள். அமிலமில்லாத உறையில், விரித்தபடியோ ஏற்கெனவே உள்ள மடிப்பிலோ, வெயிலும் ஈரச் சுவரும் இல்லாத அலமாரியில் வையுங்கள். விதிகளைப் படிக்க ஒருமுறை விரிக்கும்போதே முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துக்கொண்டால் நகல் செய்வதற்கும் அதுவே போதும்.